கருப்பை அழும் இடம்

டப்பிங் கூடத்தில் அவளுக்குப் பெயர் பாப்பா. நாற்பதை எட்டப் போகிறவளை, காதோரம் நரை எட்டிப் பார்க்கிறவளை அப்படிக் கூப்பிட அங்கே ஒருத்தருக்கும் கூச்சமில்லை. திரையில் எந்தக் குழந்தை வீறிட்டாலும், சிணுங்கினாலும், தூக்கத்தில் விம்மினாலும் அந்தக் குரல் இவளுடையது. பசிக்கு ஓர் அழுகை, வயிற்றுவலிக்கு ஓர் அழுகை, சும்மா அம்மாவைப் படுத்துவதற்கு ஓர் அழுகை என்று வகைவகையாகக் கைவசம் வைத்திருந்தாள். அழுகையா, பாப்பாவுக்குப் போன் போடு என்பது அந்த வட்டாரத்தில் எழுதாத சட்டம்.

அதனால்தான் கருப்பை வேஷமும் அவள் தலையில் விழுந்தது.

பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பொம்மைப் படம் அது. வேறு ஏதோ மொழியில் எடுத்ததைத் தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் கருப்பைக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு. கருக்குழாய்களை இரண்டு கைகளாக நீட்டிக்கொண்டு, கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெண்வீட்டார் மாதிரி எப்போதும் சிரித்த முகம். ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் கொத்தனாராக வருகிறது. கையில் கரண்டியோடு கருப்பையின் உள்சுவரில் பூச்சு மேல் பூச்சாகப் பூசி, மெல்லிசாகக் கிடந்த உட்படலத்தைத் தடிப்பாக்குகிறது. சினைமுட்டை கிளம்பிப் போனதும் அது இருந்த கூடு மஞ்சளாகி, அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் வருகிறது. பூசியது போதும், நிறுத்து என்று கொத்தனாரை ஓரங்கட்டிவிட்டு, வளர்ந்த படலத்தைப் பதமாக்குகிறது. சுரப்பிகளில் சத்தை நிரப்பி, ரத்தக் குழாய்களைச் சுருள் சுருளாக முறுக்கி வைக்கிறது. படம் அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது.

புரோஜெஸ்டிரோனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லன் அண்ணன். திரையில் ஆளைக் கடத்துகிற, வீட்டைக் கொளுத்துகிற குரலெல்லாம் இவருடையது. நேரில் எறும்புக்கும் வழிவிடுகிற மனுஷன். படத்துக்கு ஒரு வில்லன் வேண்டாமா என்பது டப்பிங் பொறுப்பாளரின் கொள்கை. அது கருப்பைக்குள் நடக்கிற படமானாலும் சரி. அண்ணன் காலையிலேயே தம் பங்கைப் பேசி முடித்துவிட்டு, தம் கட்சியை எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"என்னை எதுக்கு சார் உறுமச் சொல்றீங்க? நான் வந்ததாலயா ரத்தம் வருது? நான் கிளம்பிப் போறதாலதானே வருது. ஒழுங்கா வசனப் பேப்பரைப் படிச்சுப் பாருங்க."

பொறுப்பாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவலை அவருக்கு. மறுநாள் காலை படம் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன். மனிதருக்குக் காது சிவந்து போயிருந்தது.

அந்தக் கூடம் ஒரு சோபாக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கருப்புப் பஞ்சு. நடுவில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் பேசுகிறவர்கள், அந்தப் பக்கம் பொறுப்பாளரும் ஒலிப்பதிவு இன்ஜினியரும். ஏசி போட்டால் அதன் முனகல் மைக்கில் ஏறும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் அதை அணைப்பார்கள். அணைத்த நொடியே அறை வெந்துபோகும். பாப்பாவுக்கு அன்று மாதவிடாயின் முதல் நாள் வேறு. இடுப்பை யாரோ இடுக்கியால் பிடித்துத் திருகுவது போல வலி. உட்கார்ந்து பேசினால் குரல் அமுங்கும் என்று நின்றுகொண்டே பேசினாள். மதியத்துக்குள் கருப்பையின் சிரிப்பு, கொட்டாவி, கொத்தனாரோடு சண்டை எல்லாவற்றையும் முடித்தாயிற்று. மிச்சம் ஒரே ஓர் இடம்தான்.

அந்த இடத்தில் கரு வந்து ஒட்டவில்லை என்று தெரிகிறது. மஞ்சள் கூடு சுருங்குகிறது, புரோஜெஸ்டிரோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கருப்பையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டுகிறது. அந்த நீர் அப்படியே சிவப்பாகிக் கீழே வழிகிறது. பேப்பரில் எழுதியிருந்த வரி இது:

"பா...வம் நான். இந்த மாதமும் பாப்பா இல்லையாம்."

"பாப்பா இல்லையாமா? இங்கேயே நிக்கிறாளே குத்துக்கல்லாட்டம்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொறுப்பாளர் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். பாப்பா சிரிக்கவில்லை. பேப்பரை மேசையில் வைத்தாள்.

"சார், இந்த வரி வேண்டாம்."

"ஏன், வாயசைவுக்கு லிப்பு ஒட்டலையா?"

"லிப்பெல்லாம் ஒட்டுது. வரி பொய்."

"பொம்மைப் படத்துல உண்மை பொய் பார்க்க ஆரம்பிச்சா கருப்பைக்கு வாயே இருக்கக்கூடாது. ஏசியை நிறுத்துங்கப்பா, டேக் போகலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை எப்படி இந்த மனிதரிடம் சொல்வது? எங்கே தொடங்குவது?

அவளும் கணவனும் குழந்தைக்காக ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. வயிற்றுக்குள்ளே நடக்கிறது முழுக்க அவளுக்கு அத்துப்படி. ஸ்கேன் திரையில் உட்படலத்தின் தடிப்பை அளந்துவிட்டு, "லைனிங் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் பரீட்சையில் பாசானது போலப் பூரித்துப்போவாள். பிறகு ஒரு காலையில் குளியலறையில் ரத்தத்தைப் பார்ப்பாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுவாள். தொழிலில் அழுகிற எந்த அழுகையும் அல்ல அது; ஒலியே இருக்காது. வெளியே வந்தால் நாத்தனார் போன் காத்துக்கொண்டிருக்கும். இந்த மாசமும் இல்லையா என்று கேட்பாள். பாவம், நல்ல மனசோடுதான் கேட்பாள். அந்த நல்ல மனசைத்தான் பாப்பாவால் தாங்க முடிந்ததில்லை.

போன மாதம் கணவன் சொன்னான், போதும்மா, நாம ரெண்டு பேரே போதும் என்று. அவள் சண்டை போட்டாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, கடைசியில் சரி என்றாள். சரி என்று சொன்ன பிறகு வந்த முதல் மாதம் இது. இன்று காலை ரத்தத்தைப் பார்த்தபோது வழக்கம்போலக் குழாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. பல் தேய்த்தாள், டீ போட்டாள், பஸ் பிடித்தாள். ஏதோ சாதித்தவள் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ரத்தம் வெறும் ரத்தமாக இருந்த ஒரு மாதம் அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதைக் கையில் வாங்கி முழுசாக ஒரு பொழுது ஆகவில்லை, அதற்குள் பேப்பரில் எழுதி நீட்டுகிறார்கள், அழு என்று. அதுவும் அவள் வாயாலேயே. அதுவும் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்திருக்கப்போகிற பிள்ளைகளிடம்: உன் உடம்பு மாதாமாதம் தோற்றுப்போய் அழுகிறது பார் என்று. இதைச் சொல்வதற்கு அவள் குரலா கிடைத்தது?

இதில் எதையும் அவள் வெளியே சொல்லவில்லை. வரியை மாற்றாமல் பேச மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். பொறுப்பாளர் எகிறினார். வரியை எழுதியவர் வாயசைவுக்குக் கச்சிதமாக எழுதியிருக்கிறார், நீ என்ன புதுசாகக் கண்டுபிடித்துவிட்டாய் என்றார். படத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அவரிடமே கேட்டுவிடலாம் என்று போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் வைத்தார்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அழுகையெல்லாம் ஒன்றும் கிடையாது. ரெண்டு ஹார்மோனும் குறைந்ததும் சுருள் குழாய்கள் இறுகுகின்றன, ரத்தம் கிடைக்காமல் மேல்படலம் உதிர்கிறது. அடிப்படலம் அப்படியே இருக்கும். உதிர்வது முடிவதற்கு முன்பே அதிலிருந்து புதுத் தோல் மூடத் தொடங்கிவிடும், ஈஸ்ட்ரோஜன் மறுபடி ஏறும்போது அது தடிக்கும் என்றார். பாப்பா கண்ணாடி வழியாகப் பொறுப்பாளரை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது டாக்டரம்மா, "ஆனா சின்னப் பிள்ளைங்க பார்க்கிற படம்தானே, மனசுல நிக்கும். அழுதா அழுதுட்டுப் போகட்டும் விடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

வில்லன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி, நீயே ஒரு வரி சொல்லு" என்றார் பொறுப்பாளர். பெருந்தன்மையெல்லாம் இல்லை, முடியாது என்று தெரிந்துதான் சொன்னார். "வாய் அசைவு மாறக்கூடாது. அவன் வரைஞ்சு வெச்சிருக்கிற கண்ணீருக்கும் நீயே பதில் சொல்லணும்."

இன்ஜினியர் அந்த இடத்தை ஒலியில்லாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கருப்பையின் வாய் முதலில் ஒட்டுகிறது. பிறகு அகலமாகத் திறந்து அப்படியே நிற்கிறது, ஒரு பஸ் உள்ளே போய்த் திரும்பி வருகிற அளவுக்கு. அதன் பின் படபடவென்று ஒட்டிப் பிரிந்து, கடைசியில் இறுக மூடிக்கொள்கிறது. உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம இருந்தே ஆக வேண்டும். ஆவென்று நிற்கிற இடத்தில் நெடிலாக ஓர் எழுத்து வேண்டும். குழந்தையின் மழலைக்கே வாயசைவு பார்த்துப் பேசிய பாப்பாவுக்கு இது ஒரு வேலையா என்றுதான் முதலில் தோன்றியது.

வேலைதான். "மாதவிடாய் வந்தது" என்றாள். முடிவில் பொம்மை வாயை இறுக மூடுகிறது, இவள் வாய் மூடவில்லை. "படலம் உதிருது" என்றாள்; பொம்மை ஆவென்று இருக்கிறது, இவள் உகரத்தில் உதட்டைக் குவிக்கிறாள். "போகட்டும்" என்றாள், அது அழுகையைவிடப் பரிதாபமாக இருந்தது. வில்லன் அண்ணன் தம் பங்குக்கு "பாரம் இறங்கியது" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் குரலில் அதைக் கேட்டபோது யாரையோ கிணற்றில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. ஏசியை அணைப்பதும் போடுவதுமாக இன்ஜினியருக்குக் கை சலித்துவிட்டது. அவள் முதுகில் வேர்வை வழிந்தது, இடுப்பு விட்டுப்போனது, வாய்க்குள் ப, ம என்று முணுமுணுத்து முணுமுணுத்துத் தமிழே மறந்துவிடும் போலிருந்தது. இத்தனை பெரிய மொழியில் ஒரு கருப்பை அழாமல் வாயைத் திறக்க ஒரு வார்த்தை இல்லையா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பொறுப்பாளர் பொறுமை இழந்து எழுந்தார். பேசுகிற பொத்தானை அணைத்துவிட்டார். அவர் பேசுவது இந்தப் பக்கம் கேட்காது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஆனால் கேட்காவிட்டால் என்ன? பிழைப்பே வாயசைவில் இருக்கிறவளுக்குக் கண்ணாடி ஒரு மறைப்பா? அவர் உதட்டை அவள் பேப்பரைப் போலப் படித்தாள். வேறொரு பெண்ணைக் கூப்பிடுகிறார். ஒரே வரிதான்மா, அழணும், அவ்வளவுதான். கருப்பைக் குரல் பாதியில் மாறினாலும் பிள்ளைகளுக்குத் தெரியாது. உடனே வர்றியா? நல்லது.

போனை வைத்தார். நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவருடைய உதடுகள் ஒட்டின, வாய் அகலமாகத் திறந்தது, திறந்தபடியே நின்றது.

பாப்பா திரையைப் பார்த்தாள். ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கருப்பை, அதே மாதிரி உதட்டை ஒட்டி, அதே மாதிரி வாயைத் திறந்து நின்றது. அவளை ஒழித்துக்கட்டிய நிம்மதியில் மனிதர் சொன்ன வார்த்தை அச்சு அசலாக அந்தப் பொம்மையின் வாய்க்குப் பொருந்தியது. கண்ணாடியை விரலால் தட்டினாள்.

பொறுப்பாளர் பொத்தானைப் போட்டார். "என்ன?"

"இப்ப என்ன சொன்னீங்க சார்?"

"நான் எதுவும் சொல்லலையே" என்றார். முகத்தில் அசடு வழிந்தது.

"அப்பாடான்னு சொன்னீங்க. அதைத்தான் சார் கருப்பையும் சொல்லுது. பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். இன்ஜினியரும் பார்த்தார். அன்று முழுவதும் வாயைத் திறக்காத அந்த இன்ஜினியர், "அ மட்டும் ஒரு இழை முன்னாடி தள்ளிக்கலாம். டா சொல்லும்போது நாக்குத்தான் மடியும், உதடு அசையாது. ஒட்டும் சார்" என்றார்.

"கண்ணீருக்கு என்ன சொல்றே?"

"வேர்வை. மாசம் முழுக்கப் பூசி, நிரப்பி, எல்லாத்தையும் இறக்கி வெச்சா வேர்க்காதா?"

அந்தப் பெண் வருகிறவரைக்கும் சும்மாதானே இருக்கப்போகிறோம், ஒரு டேக் பார்க்கலாம் என்று அவர் உதட்டைத் தாமும் படித்திருந்த வில்லன் அண்ணன் தம் கொலைகாரக் குரலில் கெஞ்சினார். பொறுப்பாளர் கையை விரித்தார். ஏசி நின்றது. பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா...டா. பழசு போச்சு, புதுசு ஆரம்பம்."

பழசும் புதுசும் படபடவென்று உதட்டில் உட்கார்ந்தன, ஆரம்பம் என்ற கடைசி மகரத்தில் கருப்பை வாயை மூடிக்கொண்டது. கோளாறு நடந்தது அதற்கு முன்னால். பொம்மையின் வாய் திறந்து நிற்கிற அந்த நீளமான ஆகாரத்தில் அவள் மூச்சைப் பிடித்து நின்றபோது, காலையில் காத்திருந்தும் வராதது அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. டாவுக்கு முன்னால் குரல் உடைந்தது. இதுவரை அவள் பேசி விற்ற அழுகைகளில் எதுவும் அல்ல அது. வில்லன் அண்ணன் தரையைப் பார்த்தார்.

முதலில் தெளிந்தவர் பொறுப்பாளர்தான். துள்ளி எழுந்தார். இதுதான், இதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். நிம்மதியும் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது, ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை என்றார். அந்த இன்னொரு பெண்ணுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"இன்னொண்ணு போகலாம் சார்."

எதற்கு, லிப்பு கச்சிதம் என்றார் அவர். ஏசியைப் போடாதீர்கள் என்று அவள் இன்ஜினியருக்குக் கை காட்டினாள். அடுத்ததிலும் ஆகாரத்தின் ஓரம் ஈரமாக இருந்தது. அதற்கடுத்ததில் அழக்கூடாது என்கிற வீறாப்பு கேட்டது. அது இன்னும் மோசம். ஒன்றில் சிரித்துவிட்டாள், அது பொய்யாக ஒலித்தது. பொறுப்பாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், நெற்றியைப் பிடித்துக்கொண்டார், வெளியே போய்விட்டு வந்தார். அவள் மறுபடி மறுபடி நின்றாள். வலித்தது, நின்றாள். கடைசியில் ஒன்று வந்தது. மாடிப்படி ஏறி வந்த ஒருத்தி கைப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொல்கிற மாதிரி சாதாரணமான ஓர் அப்பாடா. அதில் யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. வேலை முடிந்தது, அடுத்த வேலை தொடங்குகிறது, அவ்வளவுதான்.

இன்ஜினியர் தலையாட்டினார். பொறுப்பாளருக்குத் திருப்தியில்லை.

"முதல் டேக்குலதான் உயிர் இருந்துச்சு பாப்பா. அதையே வெச்சுக்கறேனே."

பாப்பா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அது என்னோடது சார். பிள்ளைங்களுக்கு இதைப் போடுங்க."